காரைக்குடிக் கடைக்கு விளம்பரப் படம்: வில்லங்கம் இல்லாமல் எடுக்கும் வழி

பலகாரக் கடையோ, ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையோ, கண்டாங்கிச் சேலை வியாபாரமோ, தீபாவளி நெருங்கினால் ஃப்ளெக்ஸும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வேண்டும். டிசைனர் கூகுளில் தேடி ஐந்து நிமிடத்தில் ஒரு படத்தை இறக்கிவிடுவார். கூகுள் படத்தைக் காட்டுமே தவிர, அது கூகுளின் சொத்து அல்ல. வாட்டர்மார்க் இல்லை என்பதும், எடுத்தவர் பெயரைக் கீழே போட்டோம் என்பதும் அனுமதி ஆகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்த உடனேயே உரிமை உண்டாகிவிடும். பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது பிரிவு 63. பெரும்பாலும் முதலில் வருவது இழப்பீடு கேட்கும் வக்கீல் நோட்டீஸ். படத்தைப் போட்டது டிசைனராக இருந்தாலும் விளம்பரத்தில் இருப்பது உங்கள் கடைப் பெயர்தான்.

விற்கிற சரக்கை நீங்களே படம் எடுப்பதுதான் முதல் வழி. வெளியூர்ச் சிமெண்ட் கல்லின் படத்தைப் போட்டு ஆத்தங்குடிக் கல் விற்றால், பதிப்புரிமைச் சிக்கல் போதாதென்று, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் தவறான விளம்பரப் பிரிவும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கல்லைக் கண்ணாடி மேல் வார்ப்பதால்தான் அந்தப் பளபளப்பு. ஃப்ளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். வளவு முற்றத்தின் ஓரத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுங்கள். மொபைலே போதும்.

போட்டோகிராபரை அமர்த்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 17ஐத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சொல்லி, காசு கொடுத்து எடுத்த படத்துக்கு நீங்களே முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. அந்த ‘வேறு ஒப்பந்தம்’ ஸ்டூடியோ கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் இருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள். மச்சினன் சும்மா எடுத்துக் கொடுத்த படம் என்றால் உரிமை மச்சினனுடையதுதான். அதை உங்களுக்கு மாற்றக் கையெழுத்திட்ட தாள் தேவை. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகவும் இடமுண்டு. வெளிநாட்டுக்குக் கல் அனுப்புகிறவர்கள் ‘உரிமைக்காலம் முழுவதும், உலகம் முழுவதும், ஓராண்டு விதி பொருந்தாது’ என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

செட்டிநாட்டில் பலரும் தடுக்கி விழும் இடம் வீடுதான். தெருவில் நின்று முகப்பைப் படம் எடுத்து வெளியிடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. உள்ளே போய்ப் பட்டாலை (கூடம்) தூண்களோடு சேலையை எடுக்க வீட்டுக்காரர் அனுமதி வேண்டும். சாவி வைத்திருக்கும் காவல்காரர் தலையசைத்தால் போதாது. பல வீடுகளில் பங்காளிகள் பத்துப் பேருக்கு மேல். ஒருவர் சரி என்றதை இன்னொருவர் சென்னையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ மறுப்பார். எல்லார் சார்பிலும் கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்று கேட்டு, எந்த அறை, எந்த விளம்பரம், எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். பணியாரம் சுடும் ஆச்சியின் முகம் தெரிந்தால் அவரிடமும், பிள்ளைகள் இருந்தால் பெற்றோரிடமும் தனிச் சம்மதம் வேண்டும். நடிகர் படம் வேண்டவே வேண்டாம்.

இணையத்தில்தான் எடுக்க வேண்டுமென்றால் அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே என்ற மூன்று படத் தளங்களும் வியாபாரத்துக்கு இலவசம். ஆனால் படத்தில் தெரியும் ஆளுக்கும் பிராண்டுக்கும் அந்த உரிமம் பொறுப்பேற்காது. கூகுளில் டூல்ஸ், யூசேஜ் ரைட்ஸ், கிரியேட்டிவ் காமன்ஸ் (சில நிபந்தனைகளோடு இலவசமாகப் பயன்படுத்த விடும் உரிமம்) என்று வடிகட்டலாம். பிறகு மூலப் பக்கத்துக்கே போய் உரிமத்தைப் படியுங்கள். அதன் பெயரில் என்சி (NC) என்றிருந்தால் விளம்பரத்துக்கு ஆகாது. என்டி (ND) என்றால் படத்தின் மேல் விலை எழுதி மாற்றி வெளியிடக் கூடாது. எஸ்ஏ (SA) என்றால் நீங்கள் மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். வெறும் பிஒய் (BY) என்றால் எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், இணைப்பு, மாற்றம் செய்த விவரம் எல்லாம் போட வேண்டும். காசு கொடுத்து வாங்கும் தளங்களில் ‘எடிட்டோரியல்’ முத்திரை உள்ளவற்றைத் தொடாதீர்கள். அவை செய்திக்கு மட்டும். எங்கே வாங்கினாலும் கடை லோகோவுக்கு இப்படித் தளங்களில் கிடைக்கும் ஸ்டாக் படம் கூடாது.

ஒவ்வொரு படத்தையும் இறக்கும்போதே அதன் முகவரி, தேதி, உரிமப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் படத்தோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். தளங்கள் விதியை மாற்றும். அன்ஸ்பிளாஷ் 2017 வரை சிசி ஜீரோ (CC0, நிபந்தனையே இல்லாத உரிமம்) முறையில்தான் கொடுத்தது, பிறகு தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. இறக்கிய நாளில் என்ன விதி இருந்தது என்று காட்ட அந்த ஸ்க்ரீன்ஷாட்தான் உதவும்.

நோட்டீஸ் வந்துவிட்டால் படத்தை உடனே எடுத்துவிடுங்கள், ஆனால் ஃபோல்டரை அழிக்காதீர்கள். அனுப்பியவர் உண்மையான உரிமையாளர்தானா என்று மூலப் படத்தின் ஃபைலையும் உரிமை ஆவணத்தையும் கேளுங்கள். ஒரு படம் இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் (TinEye) தேடிப் பாருங்கள். வக்கீலைப் பார்க்காமல் போனில் தொகை பேசாதீர்கள்.