பழைய பலா மரத்தை ஒட்டுக்கட்டிக் காப்பாற்றுவது எப்படி?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் எத்தனையோ பழைய பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. பலாவைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு. அயல் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பதால், கொட்டையிலிருந்து வரும் கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது. உங்கள் தாத்தா வைத்த மரத்தின் அதே சுளை வேண்டுமென்றால் ஒட்டுக்கட்டத்தான் வேண்டும், அதுவும் மரம் நிற்கும்போதே. அதாவது, கொட்டை போட்டு வளர்த்த கன்றின் (வேர்ச்செடி) மேல் அந்த மரத்தின் குச்சியை (ஒட்டுக்குச்சி) பொருத்தி, இரண்டையும் ஒரே செடியாக வளர்க்க வேண்டும்.

வேர்ச்செடி

பலாக்கொட்டை காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். பழம் அறுத்த கையோடு வழவழப்புப் போகக் கழுவி, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவு கலந்த பாலித்தீன் பையில் ஊன்றுங்கள். நேரே பையிலேயே ஊன்றிவிடுவது நல்லது. இடம் மாற்றினால் ஆணிவேர் அடிபடும். தண்டு பென்சில் பருமனுக்கு வந்ததும் ஒட்டுக்கட்டலாம்.

ஒட்டுக்குச்சி

வயதான மரத்தில் இளங்கிளை கிடைப்பது கஷ்டம். சில மாதங்களுக்கு முன்பே ஒரு சிறு கிளையைக் கவாத்து செய்துவிட்டால் புதுத்துளிர் வரும். வெயில் படும் பக்கத்தில், வேர்ச்செடியின் பருமனுக்கு ஒத்த நுனிக்கிளையாகத் தேர்ந்தெடுங்கள். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பு இலைகளை மட்டும் கிள்ளிவிட்டு, காம்பை அப்படியே விடுங்கள். காம்பு தானாக உதிர்ந்து மொட்டு புடைத்து நிற்கும்; விரியக் கூடாது. அதுதான் பதம். அரை அடி நீளத்துக்கு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே கட்டிவிடுங்கள்.

கட்டுவது

வேர்ச்செடியை முக்கால் அடி உயரத்தில், தண்டு இளசாக இருக்கும் இடத்தில் வெட்டி, நடுவில் ஒன்றரை அங்குலம் பிளந்துகொள்ளுங்கள். குச்சியின் அடியை அதே நீளத்துக்கு இரண்டு பக்கமும் ஆப்புபோல் சீவுங்கள். ஒரே இழுப்பில் சீவ வேண்டும். திரும்பத் திரும்பச் சீவினால் வெட்டுப்பரப்பு மேடுபள்ளமாகி ஒட்டாது. பலாவில் பால் வடியும். சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சொருகுங்கள். கத்தியில் பிசின் ஏறியிருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு உலரத் துடையுங்கள்; எண்ணெய் வெட்டில் படவே கூடாது.

பட்டைக்கு அடியில் மெல்லிய பச்சைப் படலம் தெரியும். இரண்டு செடியும் ஒன்றாவது அங்கேதான். பருமன் சற்று வித்தியாசப்பட்டால் குச்சியை நடுவில் வைக்காதீர்கள். ஒரு ஓரத்துக்குத் தள்ளி, அந்தப் பக்கமாவது பட்டையோடு பட்டை சேரும்படி வையுங்கள். பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, குச்சியின் மேல் நீளமான ஐஸ் கவரைக் கவிழ்த்து அடியில் கட்டிவிடுங்கள். உள்ளே ஈரம் நின்றால்தான் மொட்டு வாடாது.

பிறகு

நிழல்வலைக்குள் வைத்து, மண்ணுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். சில வாரங்களில் துளிர் வந்து கவரைத் தொட்டதும், சாயங்கால நேரமாகப் பார்த்துக் கவரை எடுங்கள். ஒட்டுக்குக் கீழே முளைப்பதையெல்லாம் உடனே கிள்ள வேண்டும். விட்டால் வேர்ச்செடி மேலேறி, ஒட்டு செத்துப்போகும். நன்றாகக் கூடிய பின், தண்டை நாடா இறுக்கத் தொடங்குமுன் அறுத்துவிடுங்கள்.

முதல் தடவை எல்லாமே பிழைக்காது. ஆகவே பத்துப் பதினைந்து செடியாகக் கட்டுங்கள். பிழைத்த கன்றுகளில் தாய்மரத்தின் பெயர், நிற்கும் ஊர், கட்டிய தேதி எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தோட்டத்தில் நட வேண்டாம். அக்கா வீட்டுக்கு ஒன்று, மாமா ஊருக்கு ஒன்று, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். அடுத்த புயலில் ஓர் ஊரில் சாய்ந்தாலும் வேறோர் ஊரில் குச்சி கிடைக்கும்.