வேலைக்குப் போய்க்கொண்டே தத்துவம் படிக்க

நாற்பது வயதில் தத்துவம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் வாங்குவது தடிமனான ஒரு தத்துவ வரலாற்று நூல். அதைப் படிப்பது பெரும்பாலும் பழைய கிரேக்கரான அரிஸ்டாட்டிலைத் தாண்டாது. அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் பிடியுங்கள். உதாரணமாக, ஒன்று நமக்குத் தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

இதற்கு பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912இல் எழுதிய 'தத்துவத்தின் பிரச்சினைகள்' என்ற சிறிய ஆங்கில நூல் போதும். மொத்தம் 15 அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்தில் ஒரு சாதாரண மேசையை வைத்தே நம் நம்பிக்கையை ஆட்டிவிடுவார். தமிழிலேயே தொடங்க வேண்டுமா? மணிமேகலையின் 27ஆம் காதையை உரையோடு படியுங்கள். வைதிகர், ஆசீவகர், சாங்கியர், பூதவாதி என்று வெவ்வேறு சமய, தத்துவப் பிரிவைச் சேர்ந்த ஒவ்வொருவரும் தம் தரப்பைச் சொல்கிறார்கள். எதையும் ஏற்கும் அவசரம் மணிமேகலைக்கு இல்லை, நமக்கும் வேண்டாம்.

படித்ததை நோட்டில் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்: இவர் சொல்வது என்ன, காரணம் என்ன, அதில் எது எனக்கு இடிக்கிறது? இந்த மூன்றாவதுதான் உண்மையான படிப்பு.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் அடிவாரத்திலேயே புத்தகத்தை மூடிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் படித்தால் தலைசுற்றும், பழி ரஸ்ஸல் மேல் விழும்! மலை ஏறும் நேரத்தில் படித்த வாதத்துக்கு ஒரு மறுப்பு யோசியுங்கள். அப்புறம், எதற்கும் ஒத்துப்போகாத நண்பர் ஒருவர் இருந்தால் டீக்கடையில் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.