டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

கர்ப்பம் உறுதியானபோது எனக்கு ஏழாவது வாரம். அன்று இரவு பல் துலக்கப் போனவள், குளியலறை அலமாரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மேல்தட்டில் இருந்த இரவு க்ரீமை முந்தின நாள் வரை விடாமல் பூசியிருக்கிறேன். அதில் இருந்தது ரெட்டினால், வைட்டமின் ஏ வகை. மருந்துக்கடை கவுன்ட்டரில் எட்டு வருடம் நின்று, "கர்ப்பமா இருந்தா இதைத் தொடாதீங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! என் முகம் என்று வந்தபோது மட்டும் மறந்துபோயிற்று.

மறுநாள் டாக்டர் சொன்னது இதுதான்: பூசுகிற ரெட்டினால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, தெரியாமல் பூசியதற்குப் பதற வேண்டாம், இன்றோடு நிறுத்தினால் போதும். நீங்களும் இதே நிலையில் இருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே வைட்டமின் ஏ குடும்பத்தில், முகப்பருவுக்கு விழுங்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை விஷயம் முற்றிலும் வேறு. சிசுவின் மூளை, இதயம், முகம், காது ஆகியவை உருவாவதை அது கெடுக்கும். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டிய மருந்து அது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கரு தங்கிவிட்டால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெட்டின் இன்னும் மோசம். நிறுத்திய பிறகும் 3 வருடம் கருத்தரிக்கக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். கர்ப்பம் என்று தெரிந்ததும் புதிதாக எதையும் வாங்காதீர்கள். இருப்பதையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் இருக்கும் 'இயற்கையானது', 'கெமிக்கல் இல்லாதது', 'தோல் நிபுணர்கள் சோதித்தது' என்பவை உங்களுக்கு எதையும் உறுதி செய்வதில்லை.

முதலில் தேட வேண்டியது ரெட்டினால் குடும்பம். ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினால்டிஹைடு, ட்ரெட்டினாயின் என்று பெயரில் 'ரெட்டின்' தெரிந்தால் ஒதுக்கிவிடலாம். அடாபலீன், டசாரோட்டின் இரண்டும் அதே குடும்பம்தான், ஆனால் பெயரைப் பார்த்தால் தெரியாது. பருவுக்கான ஜெல்லில் அடாபலீன் அடிக்கடி இருக்கும் என்பதால் அந்தப் பெயரை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். ரெட்டினாலுக்கு மாற்று என்று விற்கப்படும் பாகுச்சியால், கார்போக அரிசிச் செடியிலிருந்து வருவது. செடியிலிருந்து வந்தால் தீங்கில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கர்ப்பிணிகளிடம் அதைப் பார்த்த ஆய்வுகள் போதுமான அளவு இல்லை. நான் தொடவில்லை.

அடுத்தது ஹைட்ரோகுவினோன், மங்குவுக்கும் கரும்புள்ளிக்கும் போடுவது. பூசும் மருந்துகளில் பெரும்பாலானவை தோலோடு நின்றுவிடும். இது பூசியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ரத்தத்துக்குள் போகிறது. பிரசவம் முடிந்து, பால் கொடுத்து முடிக்கும்வரை அது வேண்டாம்.

நான் உண்மையில் பயப்படுவது பெயரில்லாத வெளுப்பு க்ரீமுக்கு. ஒரு நாள் ஐந்து மாத வயிற்றோடு ஒரு பெண் சின்ன டப்பா ஒன்றை நீட்டி, "அக்கா, இது மாதிரியே இன்னொண்ணு இருக்கா? ரெண்டு வாரத்துல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு" என்றாள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஓர் எழுத்து கிடையாது. ஆனால் 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்' என்று மட்டும் இருந்தது. அந்த ஒரு வரி போதும், பாதரசமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட. பாதரசம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. அது தாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நஞ்சுக்கொடியைத் தாண்டி சிசுவின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். துண்டிலும் தலையணையிலும் ஒட்டி, பூசாதவர்களுக்கும் போய்ச் சேரும். பொருள் பட்டியலில் மெர்குரி, கலோமெல் என்று இருந்தாலோ, பட்டியலே இல்லாவிட்டாலோ வாங்காதீர்கள். இரண்டே வாரத்தில் வெளுத்தால் பாதரசம் இல்லாவிட்டாலும் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கலாம். எக்ஸீமாவுக்கு டாக்டர் அளவோடு எழுதித் தரும் ஸ்டீராய்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அளவே தெரியாமல் தினமும் முகத்தில் பூசுவதுதான் ஆபத்து. அந்தப் பெண்ணுக்கு நான் எதையும் விற்கவில்லை. கோபமாகப் போனாள்.

இவ்வளவையும் கழித்த பிறகு என் தரையில் மிஞ்சியவை மூன்றே மூன்று: மிதமான ஃபேஸ்வாஷ், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். போதும் அது. பரு வந்தால் அசெலாயிக் ஆசிட் நல்ல துணை, மங்குவுக்கும் உதவும். பென்சாயில் பெராக்சைடைப் பரு உள்ள இடத்தில் மட்டும் தொட்டு வைக்கலாம். சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதத்துக்குள், சின்ன இடத்தில் என்றால் சரி. அதையே அதிக வீரியத்தில் பூசித் தோலின் மேலடுக்கை உரிக்கும் 'பீல்' செய்துகொள்வதைத் தள்ளிப்போடுங்கள். நியாசினமைடு, வைட்டமின் சி, ஹையலூரானிக் ஆசிட், இவற்றில் பிரச்சினை இல்லை.

வாசனை விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. 'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் வாசனைப் பொருளே இல்லை என்று அர்த்தமில்லை. மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க இன்னொரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். 'ஃப்ராகிரன்ஸ் ஃப்ரீ' என்பதைத் தேடுங்கள். முதல் மூன்று மாதம் எனக்குச் சோப்பு வாசனைக்கே குமட்டியது.

எதைப் புதிதாக வாங்கினாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணயம் அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் பூசிப் பாருங்கள். போன வருடம் ஒத்துக்கொண்டது இப்போது எரியலாம்.

சன்ஸ்க்ரீனுக்குக் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படரும் கர்ப்பகால மங்குவை ஹார்மோன் தூண்டுகிறது, வெயில் கறுக்க வைக்கிறது. புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் அதைக் கூட்டும், அதுவும் நம்மைப் போன்ற மாநிறத்துக்கு. அதனால் ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு இருக்கும், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, நிறம் சேர்த்த சன்ஸ்க்ரீன் நல்லது. அந்த நிறத்தைத் தருகிற அயர்ன் ஆக்சைடுதான் வெளிச்சத்தைத் தடுக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்த அளவு வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். நான் முதலில் வாங்கியது என் நிறத்துக்கு ஒத்துவராமல், ஒரு மாதம் சாம்பல் பூசிய பொம்மை மாதிரி நடமாடினேன்.

வயிற்று வரிகளுக்கான எண்ணெய், க்ரீம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரி வராமல் எதுவும் தடுப்பதாக நிரூபணம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012 ஆய்வுத் தொகுப்பும் அதைத்தான் சொன்னது. தெரிந்தும் நான் ஒரு பாட்டில் வாங்கினேன். இழுபடும் தோலின் அரிப்பு அடங்கியது, வயிற்றைத் தடவ ஒரு சாக்கும் கிடைத்தது. வரிகள் வந்தன.

அரிப்பில் ஒன்றை மட்டும் க்ரீமுக்கு விடாதீர்கள். தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு, இரவில் அதிகம் என்றால் அது கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். பித்த அமிலம் ரத்தத்தில் ஏறினால் இப்படி வரும், சிசுவுக்கு ஆபத்து. எட்டாம் மாதத்தில் ஒரு வாடிக்கையாளர் வந்து நல்ல லோஷனாகக் கேட்டார். உள்ளங்கை என்றதும் ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னேன். மறுவாரம் அவர் கணவர் வந்து, பித்த அமிலம் கூடியிருந்ததால் மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்.

பிரசவத்துக்குப் பிறகு கணக்கு கொஞ்சம் மாறும். இப்போது உங்கள் தோல் குழந்தையின் தலையணை. நெஞ்சிலும் கழுத்திலும் தோளிலும் பூசுவதெல்லாம் அதன் கன்னத்துக்கும் வாய்க்கும் போகும். அங்கே வாசனை வேண்டாம், மருந்து க்ரீம் எதுவும் வேண்டாம். காம்பு வெடித்தால் சுத்திகரித்த லானோலின் போடலாம், பால் கொடுக்குமுன் துடைக்கத் தேவையில்லை. ஆனால் குழந்தை சரியாகக் கவ்வாததுதான் பெரும்பாலும் காரணம் என்பதால் அதையும் யாரிடமாவது காட்டுங்கள். பூசும் ரெட்டினாலைப் பாலூட்டும்போது சில டாக்டர்கள் அனுமதிக்கிறார்கள். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைக்கு அனுமதியே இல்லை.

மூன்றாவது மாதம் முடி கொத்துக் கொத்தாக வரும். என் சீப்பைப் பார்த்து நானே அழுதேன். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடி சேர்த்துவைத்து உதிர்கிறது, அவ்வளவுதான். ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். அந்தப் பதற்றத்தில், முடி வளரத் தலையில் பூசும் மினாக்ஸிடிலை வாங்காதீர்கள். தாய் பூசியது ஒட்டி, குழந்தையின் முகத்தில் முடி வளர்ந்த சம்பவம் பதிவாகியிருக்கிறது. வருடம் தாண்டியும் நிற்காவிட்டால் தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பால் நிறுத்திய வாரம் பழைய இரவு க்ரீமை ஆசையாக எடுத்தேன். டப்பாவின் அடியில் திறந்த ஜாடிப் படம், அதற்குள் '12 எம்'. திறந்தால் 12 மாதம்தான் ஆயுள் என்று அர்த்தம். நான் திறந்து 20 மாதம் ஆகியிருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே மஞ்சளாகத் திரிந்து கிடந்தது. குப்பையில் போட்டுவிட்டு, காலியான இடத்தில் மகளின் டயப்பர் க்ரீமை வைத்தேன்.