கீடவுனில் எழுத்தைத் தேடாதீர்கள்: விண்டோஸ் கீபோர்டு நிரலில் வழக்கமான சொதப்பல்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு ஃபேக்டரியில், எடை பதிவதற்கு ஒரு விண்டோஸ் நிரல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இலை வண்டி வந்து நிற்கிறது. விவசாயியின் எண், கிலோ, மழை நாளில் ஈர இலைக்குக் கழிவு, என்டர், அடுத்த மூட்டை. மவுஸைத் தொடுவதற்கு யாருக்கும் நேரமில்லை, வேலை முழுக்கக் கீபோர்டில்தான். இப்படிப்பட்ட இடத்தில் கீபோர்டு பகுதியை ஏனோதானோவென்று எழுதினால் முதல் நாள் சாயங்காலமே கணக்கு உதைக்கும்.

சி அல்லது சி++-ல் நேரடியாக விண்டோ ப்ரொசீஜர், அதாவது விண்டோஸ் அனுப்பும் செய்திகளைக் கையாளும் ஃபங்ஷன், எழுதுபவர்களுக்குத்தான் இது. செய்திகளின் பெயரில் முன்னால் வரும் டபிள்யூஎம்-ஐ விட்டுவிட்டு கீடவுன், கேர் என்றே சொல்கிறேன்.

ஒரு விசையை அழுத்தினால், ஃபோகஸ் எந்த விண்டோவில் இருக்கிறதோ அதற்குக் கீடவுன் வரும். அதில் இருப்பது எந்த விசை என்ற எண், அவ்வளவுதான். செய்திகளை வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் மெசேஜ் லூப்பில் இருக்கும் டிரான்ஸ்லேட்மெசேஜ், அந்த விசையை இப்போதுள்ள கீபோர்டு அமைப்பின்படி எழுத்தாக மாற்ற முடிந்தால் கேர் என்ற இன்னொரு செய்தியை வரிசையில் போடும். இரண்டிலும் எண் வந்து உட்காருவது செய்தியோடு வரும் டபிள்யூபாரம் என்ற ஒரே இடத்தில்தான், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி சின்ன எண்கள், அதனால் கம்பைலரும் வாயைத் திறக்காது. பாதிப் பிழைகளுக்கு வேர் இங்கேதான்.

உதாரணத்துக்கு, கீடவுனில் டபிள்யூபாரம் ஆங்கிலச் சின்ன ஏ-க்குச் சமமா என்று கேட்கிறார்கள். எழுத்து விசைகளின் எண்கள் பெரிய எழுத்தின் எண்கள்தான், ஏ என்றால் 65. சின்ன ஏ-யின் எண் 97. கீடவுனில் 97 என்பது வலப்பக்க எண்பலகையின் 1. அதாவது ஏ-யை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, எடை போட எண்பலகையில் 1 தட்டினால் ஏ-க்கு வைத்த ஷார்ட்கட் ஓடும்! நம்லாக் போட்டிருந்தால்தான் இந்தக் கூத்து, அணைத்திருந்தால் அதே விசை எண்ட் விசையாக வரும். அதனால் உங்கள் கணினியில் வராத பிழை அங்கே போனதும் வரும்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். டெலீட் விசையின் எண் 46, அதைக் கேர் செய்தியில் தேடுகிறார்கள். டெலீட், அம்புக்குறிகள், எஃப் வரிசை இவற்றுக்கெல்லாம் கேர் வரவே வராது. ஆனால் கேர் செய்தியில் 46 என்றால் புள்ளி. 12.5 கிலோ என்று அடிக்கப் போனவருக்கு, புள்ளி வைத்த நொடியில் பதிவு அழிந்துபோகும். இன்னொன்று: கேர் செய்தியில் பேக்ஸ்பேஸ் 8, கன்ட்ரோல்-ஹெச்-சும் 8. என்டர் 13, கன்ட்ரோல்-எம்-மும் 13. ஆக விசையைப் பொறுத்த வேலையைக் கீடவுனில் வையுங்கள், எழுத்தைப் பொறுத்ததைக் கேரில் வையுங்கள். ஷிஃப்ட் நிலையையும் கேப்ஸ்லாக்கையும் பார்த்து கீடவுனிலிருந்தே எழுத்தைக் கண்டுபிடிக்கும் முயற்சி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், கீடவுனைப் பிடித்துப் பூஜ்யம் திருப்பிவிட்டால் கேர் வராது என்று பலர் நம்புகிறார்கள். வரும். கீடவுன் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே டிரான்ஸ்லேட்மெசேஜ் கேரை வரிசையில் போட்டாகிவிட்டது. என்டர் அடித்ததும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்று எடிட் கன்ட்ரோலை (எழுத்து அடிக்கும் கட்டத்தை) சப்கிளாஸ் செய்கிறீர்கள், அதாவது அதன் செய்திகள் முதலில் உங்கள் ஃபங்ஷனுக்கு வரும்படி வைக்கிறீர்கள், கீடவுனில் ஃபோகஸை நகர்த்துகிறீர்கள், எல்லாம் சரியாக நடக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் 'டிங்' என்று ஒரு சத்தம். ஒற்றை வரி எடிட்டுக்கு என்டர் எழுத்து பிடிக்காது, அதனால் கத்துகிறது. அதே கன்ட்ரோலின் கேர் செய்தியிலும் 13-ஐ விழுங்கிவிட்டால் சத்தம் நின்றுவிடும்.

விசையிலிருந்து விரலை எடுக்கும்போது வரும் கீஅப்பில் வேலை வைப்பது இதைவிட மோசம். ஒரு மெசேஜ்பாக்ஸை என்டர் தட்டி மூடுகிறார்கள். விசையை அழுத்தியது அந்தப் பெட்டியில், விரலை எடுக்கும்போது ஃபோகஸ் உங்கள் விண்டோவுக்குத் திரும்பியிருக்கும், கீஅப் உங்களிடம் வரும். 'சேமிக்கவா?' பெட்டியை மூடிய என்டரே அடுத்த பதிவையும் சேமித்துவிடும்.

இரட்டைப் பதிவுக்கு இன்னொரு வழியும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலை நேரத்தில் விரல் மரத்துப்போயிருக்கும், சிலர் கையுறையோடு தட்டுவார்கள், விசை மேல் விரல் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடக்கும். பிடித்தே இருந்தால் விண்டோஸ் கீடவுனைத் திரும்பத் திரும்ப அனுப்பும். செய்தியோடு வரும் இன்னொரு எண்ணான எல்பாரத்தின் 30-வது பிட்டைப் பாருங்கள். அது 1 என்றால் விசை ஏற்கெனவே அழுத்தித்தான் இருந்தது, இது புது அழுத்தம் இல்லை. சேமிப்பு, அச்சு போன்றவற்றுக்கு அந்தச் செய்தியைத் தள்ளிவிடுங்கள், அம்புக்குறிக்கும் பேக்ஸ்பேஸுக்கும் விட்டுவிடுங்கள். இதற்குப் போய் டைமர் வைத்து 'அரை நொடிக்குள் வந்தால் ஏற்காதே' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். வேகமாகத் தட்டுபவரிடம் அது உண்மையான பதிவையே தின்றுவிடும்.

கன்ட்ரோல் அழுத்தியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு ஃபங்ஷன்கள். கெட்கீஸ்டேட் சொல்வது இப்போது நீங்கள் கையாளும் செய்தி உண்டான நேரத்து நிலவரம். கெட்அசிங்க்கீஸ்டேட் சொல்வது இந்த நொடி நிலவரம். பழைய கணினி, டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கிறது, அந்த இடைவெளியில் ஒருவர் கன்ட்ரோல்-எஸ் தட்டி விரலையும் எடுத்துவிட்டார். உங்கள் நிரல் எஸ்-ஐ எடுத்துப் பார்க்கும்போது இரண்டாவது ஃபங்ஷன் 'கன்ட்ரோலா? யாரும் அழுத்தவில்லையே' என்று சொல்லும். செய்திக்குள்ளிருந்து கேட்பதாக இருந்தால் எப்போதும் முதலாவதுதான். அதிலும் பூஜ்யமா இல்லையா என்று பார்க்காதீர்கள், எதிர்மறை எண்ணா என்று பாருங்கள். கடைசி பிட் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும் டாகிள் நிலை, அதையும் சேர்த்துப் பார்த்தால் கன்ட்ரோலைத் தொடாதபோதே அழுத்தியிருப்பதாகத் தோன்றும், அடுத்த முறை தோன்றாது. 'எப்பவாவது வருது சார்' வகைப் புகார் இப்படித்தான் பிறக்கிறது.

கூடவே, எது அழுத்தியிருக்கிறது என்று நீங்களே ஓர் அர்ரேயில் குறித்துவைத்தால், ஃபோகஸ் உங்களை விட்டுப் போவதைச் சொல்லும் கில்ஃபோகஸ் வரும்போது அதைத் துடைத்துவிடுங்கள். ஆல்ட்-டேப் அடித்து வேறு விண்டோவுக்குப் போனவரின் கீஅப் உங்களுக்கு வராது.

எஃப்10-ஐச் சேமிப்புக்கு வைத்தால் கீடவுனில் அது கிடைக்காது. ஆல்ட்டோடு சேர்ந்த விசைகள் போல அதுவும் சிஸ்கீடவுனாகத்தான் வரும். சரி என்று சிஸ்கீடவுனை மொத்தமாகப் பிடித்துப் பூஜ்யம் திருப்பினால் ஆல்ட்-எஃப்4 செத்துப்போகும். உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விண்டோஸின் வழக்கமான ஃபங்ஷனான டெஃப்விண்டோப்ராக்கிடம் கொடுங்கள். இன்னும் நல்லது ஷார்ட்கட் விசைகளைப் பட்டியலிட்டு வைக்கும் ஆக்ஸிலரேட்டர் அட்டவணை, அது இரண்டு வகையையும் பார்த்துக்கொள்ளும்.

அட்டவணைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முதன்மை விண்டோவில் கீடவுன் எழுதிவிட்டு 'வரவே இல்லையே' என்பார்கள். ஃபோகஸ் உள்ளே இருக்கும் எடிட்டில், செய்தி அங்கே போகிறது, தாய் விண்டோவுக்கு அது தெரியாது. இதற்கு ரெஜிஸ்டர்ஹாட்கீ போட்டு எஃப்8-ஐப் பிடித்துவிட்டால், பக்கத்தில் திறந்திருக்கும் கணக்கு மென்பொருளிலும் எஃப்8 வேலை செய்யாது, ஏனென்றால் அது கணினி முழுவதற்குமான பிடி. அதற்குப் பதில் அட்டவணையை வைத்து, லூப்பில் முதலில் அதைப் பார்க்கும் டிரான்ஸ்லேட்ஆக்ஸிலரேட்டர், பிறகு டேப் போன்ற விசைகளைக் கவனிக்கும் இஸ்டயலாக்மெசேஜ், இரண்டும் வேண்டாம் என்றால் மட்டும் டிரான்ஸ்லேட்மெசேஜும் டிஸ்பேட்ச்மெசேஜும். ஷார்ட்கட்டுக்குக் கன்ட்ரோல்-ஆல்ட் ஜோடியைத் தவிருங்கள். வலது ஆல்ட்டைக் கூடுதல் எழுத்துகளுக்கான ஆல்ட்-ஜிஆராகப் பயன்படுத்தும் கீபோர்டு அமைப்புகளில் அதுவும் அதே ஜோடிதான்; இந்திய ஆங்கில அமைப்பில் ₹ வருவது அதையும் 4-ஐயும் சேர்த்துத்தான்.

கடைசியாகத் தமிழ். விவசாயியின் பெயரைத் தமிழில் அடித்தால் கேள்விக்குறியாக வருகிறதா? விண்டோ கிளாஸை ஏ-யில் முடியும் பழைய ஃபங்ஷனால் பதிந்திருப்பீர்கள், அல்லது கெட்மெசேஜ் மட்டும் ஏ வகையாக இருக்கும். இந்த ஏ வகை ஃபங்ஷன்கள் பயன்படுத்தும் பழைய கோட்பேஜ் (எழுத்துக்கு எண் தரும் அட்டவணை) எதுவும் விண்டோஸில் தமிழுக்குக் கிடையாது, எனவே பதிவு, லூப், டெஃப்விண்டோப்ராக் எல்லாமே டபிள்யூ-வில் முடியும் யூனிகோடு வகையாக இருக்க வேண்டும். ஒரு விசைக்கு ஒரு கேர் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். க்ஷ-வை ஒரே விசையில் வைத்திருக்கும் அமைப்பு மூன்று கேர் அனுப்பலாம். சில தட்டச்சுக் கருவிகள் சென்ட்இன்புட் வழியாக யூனிகோடு எழுத்தை நேராகச் செலுத்தும், அப்போது கீடவுனில் 231 என்ற ஒரே எண்தான் தெரியும், எழுத்து கேரில்தான் கிடைக்கும். நீங்களே வரையும் கன்ட்ரோல் என்றால் கர்சர் 'கொ'-வின் நடுவில் போய் நிற்கக்கூடாது. அது க, ொ என்ற இரண்டு குறியீடுகள். எங்கே நிற்கலாம் என்பதை விண்டோஸின் எழுத்து வரையும் நூலகமான யூனிஸ்க்ரைப்பின் ஸ்கிரிப்ட்பிரேக்கைக் கேளுங்கள்.

பழைய நிலக்கணக்கில் வரும் மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019-ல் யூனிகோடு 12.0-ல்தான் சேர்ந்தன. அவை 16 பிட்டுக்குள் அடங்காது, ஒரே குறிக்கு இரண்டு கேர் செய்திகள் வரும். முதல் பாதி வந்ததுமே 'இது தமிழ் எழுத்து இல்லை' என்று வடிகட்டிவிடாமல் அதை எடுத்துவைத்திருங்கள், அடுத்த பாதி வந்ததும் இரண்டையும் சேர்த்துச் சரிபாருங்கள்.