பழைய மேனுவல் லென்ஸ் வாங்கினீர்களா? எண்ணெய்ப் புட்டியைத் தூர வையுங்கள்

மிரர்லெஸ் கேமரா கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பலருக்குப் பழைய லென்ஸ் ஆசை வந்துவிடுகிறது. வீட்டுப் பீரோவில் தாத்தாவின் பென்டாக்ஸ் கிடக்கும், இல்லையென்றால் ஆன்லைனில் ஹீலியோஸ் 44-2 என்ற பழைய லென்ஸ் ஒன்று கண்ணில் படும், கூடவே அதைக் கேமராவில் பொருத்தும் வளையமான அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும். நல்ல ஆசைதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொருவரும், இதில் ஊறிப்போன நாங்கள் எல்லாரும் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை. மூடியோடு படம் எடுப்பது, ஃபோகஸ் செய்ய மறப்பது எல்லாம் ஒரே நாளில் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். காசையும் லென்ஸையும் தின்னும் தவறுகள் மட்டும் இங்கே.

கேமரா படமே எடுக்க மறுக்கிறதா?

மின் தொடர்பு இல்லாத பழைய லென்ஸை மாட்டினால், லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்துக்கொள்ளும். மெனுவில் ‘ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்’ அல்லது ‘ஷூட் வித்அவுட் லென்ஸ்’ என்று இருக்கும். ஆன் செய்யுங்கள்.

கண்ணாடி வைத்த அடாப்டர்

லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் (மவுண்ட்) சென்சாருக்கும் நடுவே உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் வேறு. எம்42 என்ற திருகு மவுண்ட் லென்ஸுக்கு 45.46 மில்லிமீட்டர், நிக்கான் எஃப் பாடிக்கு (கேமராவுக்கு) 46.5. பாடியின் தூரமே லென்ஸுக்குத் தேவையானதைவிட அதிகம் என்பதால், வெறும் வளையத்தை மாட்டினால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. கேனான் எஃப்டி லென்ஸை (42) மிரர்லெஸ்ஸுக்கு முந்தைய வகைக் கேமராவான கேனான் டிஎஸ்எல்ஆரில் (44) போட்டாலும் இதே கதை. இதைச் சமாளிக்க அடாப்டருக்குள் ஒரு சின்னக் கண்ணாடி வைத்து விற்கிறார்கள். மலிவான அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எவ்வளவு நல்ல லென்ஸும் சோப்பு நுரை படிந்த ஜன்னல் மாதிரிதான் தெரியும், அப்புறம் பழி லென்ஸ் மேல் விழும். மிரர்லெஸ் பாடியில் இந்தத் தொல்லை கிடையாது. சோனி இ மவுண்ட்டுக்கு 18, நிக்கான் இசட்டுக்கு 16, கேனான் ஆர்எஃப்புக்கு 20 மில்லிமீட்டர்தான், நடுவே வெறும் குழாய் வைக்கத் தாராளமாக இடமிருக்கிறது. உங்களிடம் டிஎஸ்எல்ஆர்தான் இருக்கிறது என்றால் அதற்குக் கண்ணாடி இல்லாமல் பொருந்துகிற லென்ஸை மட்டும் தேடுங்கள்.

ஸ்டெபிலைசருக்குத் தப்பான எண்

கை நடுக்கத்தைச் சமாளிக்கச் சென்சாரை நகர்த்தும் ஸ்டெபிலைசர் பாடிக்குள் இருந்தால், அதற்கு லென்ஸின் ஃபோகல் லெங்த் (58, 135 என்று மில்லிமீட்டரில் சொல்லும் எண்) தெரிய வேண்டும். பழைய லென்ஸில் மின் தொடர்பு கிடையாது, நீங்கள்தான் கையால் கொடுக்க வேண்டும். ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமரா வைத்திருப்பவர்கள் 58-ஐ 1.5-ஆல் பெருக்கி 87 என்று கொடுக்கிறார்கள். வேண்டாம், லென்ஸ் மேல் என்ன பொறித்திருக்கிறதோ அதையே கொடுங்கள். எண் கூடிப்போனால் சென்சார் தேவைக்கு மேல் நகர்ந்து, ஆடாத படத்தையும் ஆட வைத்துவிடும். 135-ஐக் கழற்றி 58-ஐ மாட்டும்போது எண்ணை மாற்ற மறப்பதும் இதே கணக்குதான்.

இறுகிய ரிங்கில் எண்ணெய் விடுவது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எத்தனை பேரிடம் சொல்லியும் இது நிற்கவில்லை, ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

நாற்பது ஐம்பது வருஷம் சும்மா கிடந்த லென்ஸில் ஃபோகஸ் ரிங் இறுகியிருக்கும். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் நுண்ணிய திருகு மரைகள் இருக்கின்றன, அவற்றுக்கு இடையே பூசிய கிரீஸில் உள்ள எண்ணெய் காலப்போக்கில் பிரிந்து போய், மிச்சம் பிசின் போல ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் நோய், கண்ணாடிக்கும், வெளிச்சம் புகும் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் பிளேடுகளுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. உடனே யாராவது ஒருவர் யோசனை சொல்வார், தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்கள், துரு எடுக்கும் ஸ்ப்ரே அடியுங்கள் என்று.

தாம்பரத்தில் கல்யாண போட்டோகிராபர் ஒருவரிடம் உதவியாளராக இருந்த தம்பி ஒருத்தன், தாத்தா வைத்திருந்த சூப்பர் டாகுமர் 50 எஃப் 1.4 என்ற பென்டாக்ஸ் லென்ஸை எடுத்துக்கொண்டு வந்தான். “அண்ணா, எண்ணெய் விட்டதும் ரிங் சூப்பரா சுத்துச்சு, ஆனா இப்ப பேக்கிரவுண்டு எப்பவும் அவுட்டாவே வருது, எஃப் 8 வச்சாலும் அப்படித்தான்.” எஃப் எண் கூடினால் துவாரம் சுருங்க வேண்டும். துவாரத்தின் அளவை மாற்றும் அபெர்ச்சர் ரிங்கை எஃப் 8-க்குத் திருப்பி, டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தோம். பிளேடுகள் திறந்தபடியே நின்றன. விளிம்பில் தெரிந்த கொஞ்சமும் ஈரமாக, தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே அந்த வானவில் நிறத்தில் மினுங்கியது. முன் கண்ணாடித் தொகுதியின் உள்பக்கம் முழுக்கப் பனி படிந்தது போல நுண்ணிய துளிகள்.

நடந்தது இதுதான். மெல்லிய எண்ணெய் விட்ட இடத்தில் நிற்காது. மிச்சமிருந்த கிரீஸையும் கரைத்து இழுத்துக்கொண்டு கீழே வழிந்து பிளேடுகளுக்குப் போகும். இந்த மாதிரி லென்ஸில் பிளேடுகளை மூடுவது ஒரு மெல்லிய ஸ்பிரிங், ஒன்றோடொன்று ஒட்டிய ஈரப் பிளேடுகளை இழுக்க அதற்குத் தெம்பு கிடையாது. சென்னை மே மாத வெயிலில் எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படிவது தனி. மரைகளிலோ கிரீஸ் போய்விட்டதால் கொஞ்ச நாளில் உலோகத்தோடு உலோகம் உரசித் தேய ஆரம்பிக்கும்.

அவன் இதை ரொம்ப நாள் கவனிக்காததற்கும் காரணம் இருக்கிறது. ஷட்டர் வேகத்தைக் கேமராவே தீர்மானிக்கும் அபெர்ச்சர் ப்ரயாரிட்டியில் வைத்திருந்தான், பிளேடு மூடாவிட்டாலும் கேமரா ஷட்டர் வேகத்தைக் கூட்டி வெளிச்சத்தைச் சரிசெய்துவிடும். படத்தின் விவரத்தில் எஃப் எண்ணும் பதிவாகாது. சந்தேகம் வந்தால் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். ஒரே வெளிச்சத்தில் எஃப் 2-ல் 1/1000 என்று காட்டினால் எஃப் 8-க்குப் போகும்போது 1/60 பக்கம் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் பிளேடு ஒட்டிவிட்டது.

“நான் என் ஹீலியோஸ்ல விட்டேன், ஒண்ணும் ஆகலையே” என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஹீலியோஸ் 44-2 ப்ரீசெட் வகை, ஸ்பிரிங் இல்லாமல் நீங்கள் திருப்பும் ரிங்கே நேராகப் பிளேடுகளை நகர்த்துகிறது, எண்ணெய் பட்டாலும் நகரும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு டாகுமருக்கும் நிக்கானின் நிக்கோருக்கும் வைத்தியம் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் எதுவும் ஊற்றாமல், கைச்சூட்டில் லென்ஸைப் பிடித்தபடி ரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். டிவி பார்க்கும் நேரத்தில் சில நாள் செய்தால் நிறைய லென்ஸ்கள் இளகிவிடும். இளகாவிட்டால் பழைய கிரீஸைக் கழுவி, லென்ஸுக்கான கனத்த கிரீஸைப் புதிதாகப் பூசத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். நீங்களே பிரிக்கப் போகாதீர்கள். அந்த மரை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொடங்கும், எந்த இடத்தில் பிரிந்ததோ அங்கே இரண்டு பக்கமும் கோடு போட்டு வைக்காமல் திரும்ப மாட்டினால், ரிங் அழகாகச் சுற்றும், ஆனால் ஃபோகஸ் எங்கேயோ நிற்கும். ஜப்பான் லென்ஸ்களின் திருகுத் தலைக்கு ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) ஸ்க்ரூட்ரைவர்தான் சரியாகப் பொருந்தும், வீட்டில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர் நழுவித் தலையை மழுக்கிவிடும். அதற்கப்புறம் மெக்கானிக்கே வாங்க யோசிப்பார். அந்தத் தம்பியின் லென்ஸை மெக்கானிக் முழுக்கப் பிரித்துப் பிளேடுகளை ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டியதாயிற்று, வெறும் கிரீஸ் மாற்றும் வேலையைவிடப் பல மடங்கு செலவு.

எம்42-ல் பின்னை மறப்பது

ஹீலியோஸ் 44எம்-4 மாதிரி ஆட்டோ-மேனுவல் சுவிட்ச் இல்லாத லென்ஸ்களில் பின்பக்கம் ‘பின்’ (pin) என்ற ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தும் உதடு வைத்த அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் எந்த எண்ணில் வைத்தாலும் லென்ஸ் முழுக்கத் திறந்தே இருக்கும்.

இன்ஃபினிட்டி குறியை நம்புவது

எம்42-சோனி அடாப்டரின் கனம் 27.46 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மலிவான அடாப்டர்களைச் சற்று மெல்லியதாகவே செய்கிறார்கள், தூரத்து ஃபோகஸ் எட்டாமல் போவதைவிட அதைத் தாண்டிப் போகட்டும் என்று. அதனால் ரிங்கைக் கடைசி வரை, அதாவது மிகத் தொலைவைக் காட்டும் இன்ஃபினிட்டி குறி (∞) வரை திருப்பிவிட்டு நிலாவையோ மலையையோ எடுத்தால் மங்கலாகத்தான் வரும். பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள்.

பீக்கிங்

ஃபோகஸ் ஆன விளிம்புகளில் கேமரா காட்டும் வண்ணக் கோடுதான் பீக்கிங். அது ஃபோகஸ் கிட்டே வந்துவிட்டது என்றுதான் சொல்லும். முகம் எடுக்கும்போது எஃப் 2-ல் கண்ணிமையைப் பெரிதாக்கிப் பார்க்காமல் அமுக்காதீர்கள்.

தோல் உறையில் பூட்டி வைப்பது

லென்ஸோடு வரும் பழைய தோல் உறை பார்க்க அழகு. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சையின் விதையும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் கண்ணாடியில் பூஞ்சை சிலந்தி நூல் போலப் படர்ந்துவிடும், விட்டுவைத்தால் மேல்பூச்சையே அரித்துவிடும், அப்புறம் துடைத்தாலும் தடம் போகாது. உறையை அலமாரியில் தனியாக வையுங்கள். லென்ஸுக்குக் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வாங்கும்போதே அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். விற்கிறவர் டார்ச் வேண்டாம் என்றால் லென்ஸும் வேண்டாம்.

மஞ்சளான டாகுமரை வெயிலில் போடுவது

சூப்பர் டாகுமர் 50 எஃப் 1.4-ன் ஏழு கண்ணாடி வடிவத்தில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, அதுதான் காலப்போக்கில் மஞ்சளாகிறது. புற ஊதா வெளிச்சம் பட்டால் தெளியும் என்பது உண்மை. அதற்காக மூடி இல்லாமல் ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பாதீர்கள், வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைக்கும் சக்தி அதற்கு இருக்கிறது. பின்பக்கம் அலுமினியத் தாளை இறுக்கிக் கட்டி, அருகில் துணியோ பேப்பரோ இல்லாமல், வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் வையுங்கள். கிரீஸ் இளகிவிடும் என்பதால் உச்சிவெயில் வேண்டாம், காலை வெயில் போதும்.