பத்து மீட்டருக்கு எந்தக் குண்டு?

பாளையங்கோட்டையில் தோளில் ஏர் ரைஃபிள் உறையோடு நடந்தால், "என்ன தம்பி, களக்காட்டுப் பக்கம் மான் சுடவா?" என்று கேட்க ஒருவராவது இருப்பார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இந்தக் கேள்வி ஓயவில்லை! நான் சுடுவது காகித அட்டையை மட்டும்தான்.

என் துப்பாக்கி, ஸ்பிரிங் அமுக்கும் காற்றால் குண்டைத் தள்ளும் வகை, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர். எவ்வளவு நிதானமாகச் சுட்டாலும் குண்டுகள் அட்டையில் சிதறின. கடையில் கொடுத்தது கூர்முனைக் குண்டு. பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் முனை இம்மி கோணினாலும் திசை மாறும். காகிதத்தையும் கிழித்துவிடும், புள்ளி எண்ண முடியாது. பத்து மீட்டர் போட்டி அட்டையில் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர்தான்.

தட்டைத்தலைக் குண்டுக்கு மாறினேன். பஞ்சிங் மிஷின் போட்டதுபோல் வட்டமான ஓட்டை. தட்டைத் தலையைக் காற்று இழுக்கும் என்பது உண்மை, ஆனால் பத்து மீட்டரில் அது பொருட்டே இல்லை. தூரம் கூடினால் உருண்டைத்தலைதான் நல்லது.

அப்புறம் குண்டின் தலை அளவு. 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தனித்தனியாக வருகிறது. எது பொருந்தும் என்பதைக் குழல்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து சுட்டு, நெருங்கி விழுவதை வைத்துக்கொண்டேன். பின்பக்கம் விரிந்திருக்கும் விளிம்பு, அதாவது பாவாடை, நசுங்கிய குண்டுகளைக் கழித்துவிடுவேன், காற்று கசியும். ஸ்பிரிங் துப்பாக்கியை மணல் மூட்டையில் நேரே வைத்தால் துள்ளும், நடுவில் உள்ளங்கை இருக்கட்டும். எல்லாம் ஈயம், கையைக் கழுவாமல் முறுக்கு டப்பாவைத் திறக்காதீர்கள்.