ஸ்டோரிலைனில் ‘நெக்ஸ்ட்’ பொத்தானைப் பூட்டுவதும் திறப்பதும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

இணையவழிப் பாடங்களைத் தயாரிக்கத் தொடங்கும் எவரும் விரைவிலேயே எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: ஸ்லைடில் இருப்பதைப் பார்க்காமலேயே கற்பவர் ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்திக்கொண்டே போய்விட்டால் என்ன செய்வது? ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் 360 மென்பொருளில் இதற்கு நிரல் எழுத வேண்டியதில்லை. மூன்று ட்ரிகர்களும் (இது நடந்தால் இதைச் செய் என்னும் கட்டளைகள்) ஒரு வேரியபிளும் (ஒரு மதிப்பை நினைவில் வைத்திருக்கும் பெட்டி போன்றது) போதும். பூட்டுவது மிக எளிது. உரிய நேரத்தில் திறப்பதும், ஒருமுறை திறந்ததை மீண்டும் பூட்டாமல் இருப்பதும்தான் கவனம் கேட்கும் வேலைகள் என்பதால், இந்த விளக்கத்தில் அவற்றுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக, தீயணைப்பானைப் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்கும் ஒரு ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு பொத்தான்கள் இருக்கின்றன: ஊசியை இழுத்தல், தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்தல், பிடியை அழுத்துதல், பக்கவாட்டில் வீசுதல். ஒவ்வொன்றையும் அழுத்தும்போது அதற்குரிய விளக்கம் ஒரு லேயரில், அதாவது ஸ்லைடின் மேல் விரியும் ஓர் அடுக்கில், திறக்கிறது. நான்கையும் திறந்து பார்த்த பிறகே அடுத்த ஸ்லைடுக்குச் செல்ல முடிய வேண்டும்.

முதலில் ஸ்லைடின் அமைப்பைப் பாருங்கள்

ஸ்லைடு லேயர்ஸ் பகுதியில், அடிப்படை லேயரின் அருகே உள்ள பற்சக்கரக் குறியைச் சொடுக்கினால் ‘ஸ்லைடு ப்ராபர்ட்டீஸ்’ சாளரம் திறக்கும். ப்ரீவ் (முந்தைய ஸ்லைடு), நெக்ஸ்ட் (அடுத்த ஸ்லைடு), சப்மிட் (விடையைச் சமர்ப்பித்தல்) ஆகிய மூன்று பொத்தான்களுக்கும் அங்கே தேர்வுப்பெட்டிகள் உள்ளன. தேர்வை நீக்கினால் அந்தப் பொத்தான் அந்த ஸ்லைடில் தோன்றவே தோன்றாது. முதல் ஸ்லைடில் ப்ரீவ், கடைசி ஸ்லைடில் நெக்ஸ்ட், கற்பவரே தம் பாதையைத் தேர்ந்தெடுக்கும் ஸ்லைடுகளில் இரண்டும் என, அவற்றுக்கு வேலையே இல்லாத இடங்களில் இப்படி நீக்கிவிடுவது நல்லது. நம் ஸ்லைடில் நெக்ஸ்டுக்கு வேலை இருக்கிறது, சற்றுப் பொறுத்து வருகிறது. ஆகவே தேர்வை நீக்காமல், பொத்தானின் நிலையை மட்டும் மாற்றப்போகிறோம்.

இதே சாளரத்தில் ‘வென் ரீவிசிட்டிங்’ என்ற அமைப்பை ‘ரெஸ்யூம் சேவ்டு ஸ்டேட்’ என்று மாற்றிவிடுங்கள். இரண்டு பொத்தான்களை மட்டும் பார்த்துவிட்டு முந்தைய ஸ்லைடுக்குப் போய்த் திரும்புபவர், தாம் விட்ட இடத்திலிருந்தே தொடர்வதற்கு இது வேண்டும்.

ட்ரிகர்ஸ் பகுதியின் கீழே, நெக்ஸ்ட் அழுத்தினால் அடுத்த ஸ்லைடுக்குச் செல்லும்படி மென்பொருள் தானாகவே அமைத்த ட்ரிகர் இருக்கும். தேவையற்றது என்று நினைத்து அதை அழித்துவிட வேண்டாம். அழித்தால் பொத்தான் கண்ணுக்குத் தெரியும், அழுத்தினால் எதுவும் நடக்காது.

பொத்தான்களுக்கு ‘விசிட்டட்’ நிலை

நான்கு பொத்தான்களையும் அவற்றின் லேயர்களையும் அமைத்து, உரிய லேயரைக் காட்டும் ட்ரிகரை ஒவ்வொரு பொத்தானுக்கும் கொடுங்கள். பிறகு ஸ்டேட்ஸ் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு பொத்தானிலும் ‘விசிட்டட்’ நிலை இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண வடிவங்களையும் படங்களையும் பொத்தானாகப் பயன்படுத்தினால் அந்த நிலையை நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும். சேர்த்த பிறகு, கற்பவர் அழுத்தியதும் அந்த நிலை தானாகவே வந்துவிடும்; அதற்குத் தனி ட்ரிகர் எழுதக் கூடாது. விசிட்டட் நிலையில் நிறத்தை மாற்றுவதோடு ஒரு சரிக்குறியையும் வையுங்கள். நிற வேறுபாட்டை எளிதில் உணராதவர்களுக்கும் எது முடிந்தது, எது மீதம் என்பது அப்போதுதான் தெரியும்.

வேரியபிளும் மூன்று ட்ரிகர்களும்

உண்மை, பொய் என்ற இரண்டு மதிப்புகளை மட்டும் ஏற்கும் ட்ரூ/ஃபால்ஸ் வகை வேரியபிள் ஒன்றை உருவாக்கி, தொடக்க மதிப்பை ஃபால்ஸ் என்று வையுங்கள். பெயரை இடைவெளியின்றி எழுதுங்கள். இங்கே அதைப் ‘பார்த்தாயிற்று’ என்று அழைப்போம்.

முதல் ட்ரிகர் பூட்டுவதற்கு: இந்த ஸ்லைடின் டைம்லைன் (ஸ்லைடு ஓடும் நேரக்கோடு) தொடங்கும்போது, நெக்ஸ்ட் பொத்தானின் நிலையை ‘டிசேபிள்டு’ (மங்கி, அழுத்த முடியாத நிலை) ஆக்கு, நிபந்தனை, ‘பார்த்தாயிற்று’ ஃபால்ஸாக இருந்தால் மட்டும்.

இரண்டாவது ட்ரிகர் கணக்கெடுப்பதற்கு: நான்கு பொத்தான்களின் நிலையும் விசிட்டட் ஆகும்போது, ‘பார்த்தாயிற்று’ வேரியபிளை ட்ரூ ஆக்கு. இதை அமைக்கும்போது ‘எனி ஆஃப்’ என்பதைத் தவிர்த்து ‘ஆல் ஆஃப்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் ஒரு பொத்தானை அழுத்தியதுமே பூட்டு திறந்துவிடும்.

மூன்றாவது ட்ரிகர் திறப்பதற்கு: ‘பார்த்தாயிற்று’ மாறும்போது, அது ட்ரூவாக இருந்தால், நெக்ஸ்ட் பொத்தானின் நிலையை ‘நார்மல்’ ஆக்கு.

இணையத்தில் கிடைக்கும் பல விளக்கங்கள் வேரியபிள் இல்லாமல் இரண்டே ட்ரிகர்களில் இதை முடித்துவிடுகின்றன. முதல் தடவை அதுவும் சரியாகவே நடக்கும். ஆனால் பூட்டும் ட்ரிகருக்கு நிபந்தனை இல்லாவிட்டால், பாடத்தை முடித்த ஒருவர் ஏதோ ஒரு குறிப்பைச் சரிபார்க்க இதே ஸ்லைடுக்குத் திரும்பும்போது நெக்ஸ்ட் மறுபடியும் மங்கிப்போக இடம் உண்டு. எல்லாப் பொத்தான்களிலும் சரிக்குறி இருக்கிறது, ஆனாலும் வெளியே போக வழியில்லை என்ற நிலையில் அவரை நிறுத்துவது கற்பித்தல் ஆகாது. வேரியபிளின் மதிப்பு பாடம் முழுவதும் நீடிப்பதால், ஒருமுறை திறந்தது திறந்தபடியே இருக்கும். ஒரு வேரியபிள் கூடுதல் வேலைதான். என் கருத்தில் அதைத் தவிர்க்கவே கூடாது.

பூட்டியிருப்பதைச் சொல்லிவிடுங்கள்

மங்கிய பொத்தான் தான் ஏன் மங்கியிருக்கிறது என்று சொல்வதில்லை. பாடம் பழுதாகிவிட்டதோ என்று கற்பவர் நினைக்கக்கூடும். திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்குக் குழப்பம் இன்னும் கூடும். பொத்தான்களுக்கு மேலே ஒரே வரி போதும்: “நான்கு படிகளையும் திறந்து பார்த்த பிறகு அடுத்த பக்கத்துக்குச் செல்லலாம்.” மூன்றாவது ட்ரிகர் இயங்கும் அதே தருணத்தில், “நான்கும் முடிந்தன, நெக்ஸ்டை அழுத்துங்கள்” என்ற மறைந்திருந்த வரியைக் காட்டும் ட்ரிகர் ஒன்றையும் சேர்த்தால் இன்னும் சிறப்பு.

குரல் விளக்கம் இருந்தால்

விசிட்டட் நிலை, பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். லேயரில் ஒலிக்கும் விளக்கம் முழுவதும் கேட்கப்பட்டது என்று பொருளாகாது. முழுவதும் கேட்டிருக்க வேண்டும் என்றால், லேயருக்கு ஒன்றாக நான்கு வேரியபிள்களை உருவாக்கி, அந்தந்த லேயரின் டைம்லைன் முடியும்போது அதற்குரியதை ட்ரூ ஆக்குங்கள். பிறகு, அந்த நான்கில் எது மாறினாலும் நான்கும் ட்ரூவாக உள்ளனவா என்று பார்த்துப் ‘பார்த்தாயிற்று’ வேரியபிளை மாற்றும்படி இரண்டாவது ட்ரிகரைத் திருத்தி அமைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான வேலைகளைக் கற்பிக்கும் பாடங்களுக்கு இது பொருந்தும். எழுத்தை வேகமாகப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரை, அலுவலக விடுப்பு விதிகளைச் சொல்லும் குரல் முடியும்வரை காத்திருக்க வைப்பதில் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

டைம்லைனை நம்பிப் பூட்டும்போது, ப்ளேயர் (ஸ்லைடைச் சுற்றி மெனுவும் பொத்தான்களும் இருக்கும் சட்டகம்) அமைப்பில், ஸ்லைடு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் சீக்பாரையும் கவனியுங்கள். அதை இழுக்க அனுமதித்திருந்தால், கற்பவர் நேராகக் கடைசிக்கு இழுத்துவிட்டுப் பூட்டைத் திறந்துவிடுவார்.

மெனு என்னும் பக்கவாசல்

நெக்ஸ்டைக் கவனமாகப் பூட்டிவிட்டு, இடப்பக்க மெனுவை மறந்துவிடுவது அடிக்கடி நடப்பது. ப்ளேயர் சாளரத்தில் மெனுவுக்கான அமைப்புகளில் மூன்று தேர்வுகள் உள்ளன. ‘ஃப்ரீ’ என்றால் எந்த ஸ்லைடுக்கும் தாவலாம். ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்றால் இப்போதைய ஸ்லைடையும் ஏற்கெனவே பார்த்தவற்றையும் மட்டும் திறக்கலாம். ‘லாக்டு’ என்றால் மெனு வெறும் பட்டியலாக மட்டுமே நிற்கும். நம்முடைய ஸ்லைடுக்கு ரெஸ்ட்ரிக்டட் பொருத்தமானது. முன்னே தாவ விடாது, பின்னே திரும்பிப் படிப்பதையும் தடுக்காது.

சோதிக்கும் முறை

ஒரு ஸ்லைடை மட்டும் முன்னோட்டம் பார்த்தால் அடுத்த ஸ்லைடுக்குச் செல்வதைச் சோதிக்க முடியாது. அதனால் ‘சீன்’ எனப்படும் ஸ்லைடுத் தொகுப்பு முழுவதையும், அல்லது எஃப்12 விசையை அழுத்திப் பாடம் முழுவதையும் முன்னோட்டம் பாருங்கள். வரிசையை மாற்றி அழுத்துங்கள். இரண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பின்னே சென்று திரும்புங்கள். நான்கையும் முடித்து அடுத்த ஸ்லைடுக்குப் போய், மறுபடி இங்கே வந்து நெக்ஸ்ட் திறந்தே இருக்கிறதா என்று பாருங்கள். சுட்டியைத் தொடாமல், டேப் விசையாலும் என்டர் விசையாலும் மட்டும் ஒருமுறை முழுவதும் சென்று வாருங்கள். வெளியிட்ட பிறகு கைப்பேசியிலும் திறந்து, திரையை விரலால் தள்ளும்போது பூட்டு நிற்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள்.